போனது 40, வந்தது 41: புத்தகப் பெட்டிகளைச் சுமந்தவர்களுக்கு

அன்பான உறவுகளே, வணக்கம்.

நூல்நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்காக ஊரூராக நாங்கள் அனுப்பும் புத்தகப் பெட்டிகளைச் செய்த, ஏற்றி இறக்கிய, கடையிலும் வீட்டிலும் இடம் விட்டுக் காத்த எல்லோருக்கும் இந்த மடல். நேரில் நன்றி சொன்னால் "இதென்ன பிள்ளை, பெரிய விசயமே" என்று கதையை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை குளக்கட்டுப் பக்கத்து முன்பள்ளியிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. வழமைபோலப் பாயை விரித்து, புத்தகங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். 41. திரும்பவும் எண்ணினேன். 41தான். நான் அனுப்பியது 40. நூல்நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், எண்ணிக்கை குறைவது புதினமில்லை. கூடி வந்ததை என் இத்தனை வருட வேலையில் அன்றுதான் கண்டேன். அந்த 41ஆவது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

இந்தப் பெட்டிக்கு முதல் காரணமானவர் ஒரு கமக்காரர். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள் அல்லவா, அந்த வருடம் காலபோக விதைப்புக்கு முன் ஒருநாள் மத்தியானம் சைக்கிளில் வந்தார். 11 கிலோமீற்றர் மிதித்து வந்ததாகச் சொன்னார். சேதனப் பசளை செய்கிற முறை பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். விவசாயப் புத்தகங்களுக்கான 631ஆம் எண் இறாக்கையில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். அதையும் முதல் நாள்தான் இன்னொருவர் இரவல் எடுத்துப் போயிருந்தார். மனிதர் கோபப்படவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். "சரி பிள்ளை, வந்தால் சொல்லியனுப்பு" என்று சொல்லிவிட்டு அதே வெயிலில் திரும்பிப் போனார். யாரிடம் சொல்லியனுப்புவது? போன் நம்பரை வாங்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

வன்னியில் வாசிப்புக் குறைந்துவிட்டது என்று மேடைகளில் யாராவது பேசினால் எனக்கு அந்தச் சைக்கிள்தான் கண்ணுக்குள் வரும். எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். பொழுதுபட்டால் காட்டோரத்தில் யானை. பள்ளிக்கூடம் விட்டு நூல்நிலையத்துக்கு வருகிற பெண்பிள்ளை இருட்டுமுன் வீடு போய்ச் சேர முடியாது. கைக்குழந்தை உள்ள தாய் வர முடியாது. நெல்லுக்குக் காவல் கிடக்கிறவர் வர முடியாது. காலை இழந்தவர், கண்ணை இழந்தவர் வரவே முடியாது. இவர்கள் எல்லோரையும் வாசிக்காதவர்கள் என்று நாங்கள் கணக்கில் போட்டு வைத்திருந்தோம்.

நடமாடும் நூலகத்துக்கு ஒரு வாகனம் கேட்கலாம் என்று நினைத்தபோது 2022 வந்துவிட்டது. டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை. பேப்பர் தட்டுப்பாட்டில் பத்திரிகைகளே பக்கம் குறைந்து வந்த காலம். வாகனத்தைப் பற்றி யாரிடம் வாய் திறப்பது? வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு அக்காதான் சொன்னா: "வாகனம் ஓடாட்டி என்ன, பெட்டி போகட்டுமே. ஊருக்கு ஒரு பெட்டி, மாதம் ஒருக்கால் மாத்துவம்." அக்கா, அந்த ஒரு வசனத்துக்கு முதல் நன்றி.

இரண்டாவது நன்றி தச்சு வேலை செய்யும் ஐயாவுக்கு. வேப்பம் பலகையில்தான் செய்ய வேண்டும், கறையான் தொடாது என்று நின்றவர் அவர். நான் மலிவான பலகையைக் காட்டினேன், கேட்கவில்லை. பெட்டிக்குக் குட்டையாக நாலு கால், ஒவ்வொரு காலுக்கும் கீழே சிரட்டையில் பழைய எஞ்சின் ஒயில். உள்ளே இரண்டு தட்டு. மூடியின் உட்பக்கத்தில் ஆணியில் ஒரு கொப்பி தொங்கும், அதன் பக்கத்திலேயே நூலில் கட்டிய பேனை. பெயர், புத்தக இலக்கம், கொண்டுபோன திகதி, தந்த திகதி, அவ்வளவுதான் கோடுகள். அங்கத்துவ அட்டை இல்லை, பிணைக்கு ஆள் இல்லை. ஏழு பெட்டிக்குக் கூலி வாங்கினீர்கள் ஐயா, எட்டாவதைச் செய்து கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனீர்கள். அந்த எட்டாவது பெட்டிதான் இப்போது கடற்கரை வாடியில் இருக்கிறது.

சிறு உழவு இயந்திரத்தில் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லான்ட்மாஸ்டர் அண்ணை, உங்களுக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை உங்கள் வயல் வேலையை நிறுத்திவிட்டு எட்டு இடமும் சுற்றுகிறீர்கள். மார்கழி மழைக்குள் ஒருநாள் பாதி வழியில் வானம் கொட்டியது. லான்ட்மாஸ்டர் பெட்டியில் கிடந்த ஒரே தறப்பாளைப் புத்தகங்களுக்கு மேல் இழுத்துக் கட்டினீர்கள். நீங்கள் ஊறிப்போய் வந்து சேர்ந்தீர்கள், ஒரு அட்டைகூட நனையவில்லை. அன்று இரவு உங்களுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து பிறகுதான் சொன்னார்கள். 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். நனைந்த புத்தகத்தை மீட்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் பத்திரிகைத்தாள் வைக்க வேண்டும், மணிக்கொரு தடவை தாளை மாற்ற வேண்டும், அவசரப்பட்டு வெயிலில் போட்டால் அட்டை கோணும், இரண்டு நாள் தவறினால் பூஞ்சணம். அந்த வேலை எதையும் நீங்கள் எனக்கு வைக்கவில்லை.

பஸ் தரிப்பிடத் தேநீர்க்கடை அண்ணைக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையை நாங்கள் 1981இல் இருந்துதான் தொடங்குவோம். 97,000 வரையான நூல்கள் எரிந்த அந்த இரவு எங்களுக்குள் அப்படிப் பதிந்துபோயிற்று. ஆனால் அது 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் புத்தகங்களை வைத்து மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுத்ததில் தொடங்கிய நூலகம். பெட்டிக்கு இடம் விட நீங்கள் ஒரு மேசையையும் இரண்டு கதிரைகளையும் தூக்கிப் பின்னுக்குப் போட்டபோது எனக்கு அந்த வீடு நினைவுக்கு வந்தது. இரண்டு கதிரை என்றால் பின்னேர வியாபாரத்தில் எத்தனை பிளேன்ரீ என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

தையல் நிலையத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுத வேண்டும். அங்கே பெட்டியை வைத்தபோது யாரும் எடுக்கமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன், மன்னியுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று மூன்றாவது மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் சொல்லாமல் வந்து வாசலில் நின்றேன். வாசித்துக்கொண்டிருந்த தங்கச்சி ஒரு இடத்தில் குரல் அடைத்து நிறுத்தினா. பக்கத்தில் இருந்தவ ஊசியைத் துணியில் குத்திவிட்டுப் புத்தகத்தை வாங்கி, விட்ட வரியிலிருந்து வாசித்தா. நான் உள்ளே வராமலே திரும்பிவிட்டேன். கதை முடிவதற்கு முன் பெட்டி மாற்றுகிற நாள் வந்துவிடுகிறது என்று நீங்கள் முறையிட்ட பிறகு, உங்கள் பெட்டியை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் எங்களோடு இருக்கிறார். அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைதான் வெளியாகும். வேலை அறிவித்தல்களை இணையத்தில் பார்த்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துபவற்றை அச்செடுத்து, பெட்டிகளோடு அனுப்பிவைக்கிறார். விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கிறார். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களுக்குப் பிரதி எடுக்கக் கடிதம் எழுதிக்கொடுக்கிறார். நூல்நிலையத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வாசிக்கத் தெரிந்தும் ஒரு படிவத்தைக் கண்டு பயப்படுகிற மனிதருக்குப் பக்கத்தில் இருந்து உதவுவதும் நூல்நிலைய வேலைதான். நான் அதில் உறுதியாக இருக்கிறேன்.

உயர்தர மாணவர்கள் ஆறு பேர் குரல் கொடுத்தீர்கள். போரில் பார்வை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பெரியவயதில் பார்வை போனவர்களுக்குப் பிரெய்ல் விரலுக்குப் பிடிபட நாளாகும். கேட்பது உடனே முடியும். கதைகளையும் கட்டுரைகளையும் போனில் வாசித்துப் பதிந்து மெமரி கார்டில் போட்டுத் தந்தீர்கள். எழுதியவர்களிடம் கேட்டோம், ஒருவரும் மறுக்கவில்லை, அவர்களுக்கும் நன்றி. ஒரு பதிவில் நடுவே சேவல் கூவிவிட்டது என்று தம்பி ஒருவர் திரும்பப் பதியப் போனார். அதைக் கேட்கிற மாமா தடுத்துவிட்டார். "அந்தச் சேவல் இருக்கட்டும் தம்பி, ஆரோ என்ர முத்தத்தில இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதே நேரம்தான் எங்களுக்கு விதைப்பு. முந்தி நாங்கள் மண்டபத்தில் பனர் கட்டி, மாணவர்களை மட்டும் வைத்து விழா நடத்திவிட்டு முடித்துக்கொள்வோம். போன முறை கமக்காரர் அமைப்பின் தலைவர், விதைப்புக்கு முந்திய கூட்டத்திலேயே எங்களுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கித் தந்தார். சேனா படைப்புழு, கச்சான் செய்கை, விவசாயத் திணைக்களத்தின் தமிழ்க் கையேடுகள் என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது பெட்டியில் இரண்டே இரண்டுதான் கிடந்தன. 11 கிலோமீற்றர் மிதித்து வந்த அந்த மனிதரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பாரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஐயா, இதை நீங்கள் வாசித்தால் தயவுசெய்து வாருங்கள். இப்போது 631இல் பதினெட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து உதவிய உறவுகளுக்கும் மனமார்ந்த நன்றி. உரிமையோடு ஒன்று கேட்கிறேன். புத்தகங்களைப் பொதி கட்டி அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கப்பல் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடுகிறது. அந்தக் காசுக்குக் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள கடைகளில் எங்கள் பிள்ளைகள் கேட்கிற புத்தகத்தையே வாங்கலாம். புலமைப்பரிசில் பரீட்சைக் கடந்தகால வினாத்தாள்களும் சாதாரண தரப் பயிற்சிப் புத்தகங்களும் கிழிந்து போகும் அளவுக்கு ஓடுகின்றன. பெரிய எழுத்தும் படமுமாக வரும் சிறுவர் கதைகள் எப்போதும் போதாமல்தான் இருக்கின்றன.

சரி, அந்த 41ஆவது.

அது ஒரு கல்வெட்டு. எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் கிரியையில் உறவினருக்குக் கொடுக்கும் சிறு நூல். தேவாரம், திதி வெண்பா, அவரைப் பற்றிய பாட்டுகள், வம்சவரிசை எல்லாம் அதில் இருக்கும். இது சாம்பல் பூத்த நீல அட்டை, மூலைகள் மடிந்திருந்தன, கம்பி துருப்பிடித்துப் பக்கத்தில் மண்ணிறக் கோடு விழுந்திருந்தது. உள்ளே வம்சவரிசை மட்டும் இல்லை. காடு வெட்டிக் குடியேறிய முதல் ஏழு குடும்பங்கள், எந்த வயல் யாருடைய கையால் திருத்தப்பட்டது, கோயில் கிணறு எப்போது வெட்டியது எல்லாம் பாட்டாகவே இருந்தன. எங்கள் ஊரின் பழைய கதையை அச்சில் நான் கண்டது அதுதான் முதல் தடவை.

கொப்பியைப் பார்த்தேன். கடைசி வரியில் நடுங்கிய எழுத்தில் ஒரு ஆச்சியின் பெயர். தேடிப் போனேன். அவவின் தகப்பனாரின் கல்வெட்டு அது. 2009இல், போரின் கடைசி நாட்களில், காணி உறுதியோடு ஒரே ஷொப்பிங் பையில் சுற்றி, இடுப்பில் கட்டி, முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய், பிறகு செட்டிகுளம் முகாமிலும் தலைமாட்டில் வைத்திருந்தவ. அதே வருடம் நான் என்னுடைய புத்தகப் பையைத் தருமபுரத்தில் வீதியோரம் வைத்துவிட்டு நடந்தவள். ஆச்சியின் முன்னால் இருந்து அதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பிள்ளையளைத் தூக்கினாய், அது போதும்" என்றா.

நல்லவேளையாக இப்படியான வெளியீடுகளுக்கு ஒரு இடம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் நினைவு மலர், பாடசாலை மலர் போன்ற சிறு வெளியீடுகளையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைக்கிறது. அதை விளக்கி, ஸ்கான் எடுக்கலாமா என்று கேட்டேன். ஆச்சி சம்மதித்தா. ஆனால் நூலைத் தரவில்லை, இரவல்தான் கொடுத்தா. "எல்லாப் புத்தகத்திலயும் திகதி அடிச்சு ஒட்டிறியள். என்ர புத்தகத்துக்கும் அடி. அந்தத் திகதிக்கு எனக்குத் திரும்பி வரோணும்" என்றா.

நான் ஒரு தாளில் முத்திரையைக் குத்தி, அவவுக்கு முன்னாலேயே கல்வெட்டுக்குள் வைத்தேன். 14 நாள் தந்திருக்கிறா, இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஸ்கான் எடுக்கத் தெரிந்த தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி, உங்களுக்கு முன்கூட்டியே நன்றி. மழை என்றாலும் வந்துவிடுங்கள். லான்ட்மாஸ்டர் அண்ணை சந்தியில் நிற்பார், தறப்பாள் அவரிடம் இருக்கிறது.

அன்புடன்,
கிளை நூல்நிலைய உதவியாளர்,
வன்னி