மளிகைக் கடைகள் பகுதி உணவு வங்கிக்குப் பொருள் வழங்குவதற்கு எழுத்துபூர்வ அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
பகுதி உணவு வங்கிப் பொறுப்பாளர்கள் மற்றும் பொதுமக்கள்,
வாய்க்கால்மேட்டுத் தெரு, சந்தைப்பேட்டை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை.

பொருள்: உணவு வங்கியின் பதிவு விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கவும், மளிகைக் கடைகள் அச்சமின்றிப் பொருள் வழங்க வழிசெய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் ஏற்கெனவே அளித்து, இதுவரை பதில் பெறாத மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. குட்கா சோதனைக்காகத் தாங்களே எங்கள் கடைவீதிக்கு நேரில் வந்துள்ளீர்கள். சந்தைப்பேட்டை முனையிலிருந்து வாய்க்கால் பாலம் வரை இரு பக்கமும் உள்ள மளிகைக் கடைகளையும், பாலத்துக்கு அப்பால் உள்ள ஓட்டு வீடுகளையும் பார்த்துள்ளீர்கள். ஆகவே இடத்தை விளக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. கடைவீதியிலுள்ள மளிகைக் கடைக்காரர்கள், காலாவதித் தேதி நெருங்கிவிட்டதால் வாடிக்கையாளர்கள் எடுக்காமல் விடும் ரவை, சேமியா, கோதுமை மாவு, எண்ணெய்ப் பாக்கெட் ஆகியவற்றையும், கம்பெனிக்காரர்கள் ரிட்டர்ன் எடுக்க மறுக்கும் சரக்கையும், ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் எங்கள் உணவு வங்கிக்கு மனமுவந்து கொடுத்து வந்தார்கள். கல்லா அருகில் ஒரு பிளாஸ்டிக் கூடையும் வைத்திருந்தார்கள்; பொருள் வாங்க வருபவர்கள் போகிற போக்கில் அதில் அரைக் கிலோ பருப்போ ஒரு உப்புப் பாக்கெட்டோ போட்டுவிட்டுப் போவார்கள்.

2. பெறும் பொருளுக்கு முறையாகப் பேரேடு எழுதினோம். எந்தக் கடை, என்ன பொருள், எத்தனை பாக்கெட், காலாவதித் தேதி என்ன, எவருக்குக் கொடுத்தோம் என்பது வரை அதில் உள்ளது. காலாவதிக்குக் குறைந்தது 15 நாட்களாவது மீதமிருக்கும் பாக்கெட்டுகளை மட்டுமே எடுத்துக்கொண்டோம். உதிரியாக வரும் பொருளையும், கிழிந்து ஒட்டிய பாக்கெட்டையும் கொடுப்பவர் முகம் வாடினாலும் திருப்பி அனுப்பினோம்.

3. இந்நிலையில், களஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் கடைக்காரர்கள் முன்னிலையில், இது காலாவதிச் சரக்கைத் தள்ளிவிடும் வேலை என்றும், யாருக்காவது வயிற்றுக் கோளாறு வந்தால் பொருள் கொடுத்த கடை மீது வழக்கு வரும் என்றும் வாய்மொழியாகக் கூறிச் சென்றார். அதை எழுத்தில் தரவில்லை. நாங்கள் கேட்டும் தரவில்லை. மறுநாளே கூடைகள் கல்லாவடியிலிருந்து காணாமல் போயின. கடைக்காரர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உரிமத்தை நம்பிப் பிழைப்பவர்கள் அதிகாரியின் சொல்லுக்கு அஞ்சாமல் வேறென்ன செய்வார்கள்?

4. காலாவதியான உணவும் காலாவதி நெருங்கும் உணவும் ஒன்றல்ல என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019ஆம் ஆண்டில் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டுள்ளது. கடைகள் கொடுக்கலாம், அமைப்புகள் வாங்கிப் பகிரலாம், அதை இன்னின்ன முறையில் செய்ய வேண்டும் என்று சொல்வதற்காக வந்த விதிகள் அவை. அவற்றுக்கு உட்பட்டு நடக்கவே பதிவு கோரி இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்தினோம். பதிவு விண்ணப்பம் வந்த 7 நாட்களுக்குள் பதிவை வழங்க வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. எங்கள் விண்ணப்பத்தில் இம்மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. 30 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் சிறு உணவு வணிகர் தொழிலைத் தொடங்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அதை அச்செடுத்துக் கடை கடையாகக் காட்டினோம், கடைக்காரர்கள் படித்துப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் சீல் இருக்கா?" என்று கேட்டார்கள்.

5. இப்போது எங்களை இந்த மனுவை எழுத வைத்த காரணத்துக்கு வருகிறோம். பாலத்துக்கு அப்பால் உள்ள ஓட்டு வீடுகளில் தனியே வாழும் முதிய பெண்களில் பலருக்குக் குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது; அட்டைதான் கையில் இல்லை. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் போன மகனின் அட்டையில் அவர்கள் பெயர் உள்ளது. அரிசி அங்கே போகிறது, அல்லது வாங்கப்படாமலே போகிறது. பெயரை நீக்கித் தனி அட்டை வாங்கலாமே என்பார்கள். அதற்கு மகன் ஒப்ப வேண்டும். தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள். வந்து பார்த்தால் அங்கே எரிவாயு அடுப்பு இருக்காது, மூன்று கல்லும் ஒரு சட்டியும் இருக்கும். முதியோர் உதவித்தொகையில் வீட்டு வாடகை போக மிஞ்சுவது எத்தனை நாள் சாப்பாட்டுக்குப் போதும் என்று தாங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

அவர்களுள் ஒரு மூதாட்டிக்குச் சர்க்கரை நோய். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வந்துவிடுகிறது. அந்தத் திட்டத்துக்கு நாங்கள் நன்றியுடையவர்கள். மாத்திரை தரும் பெண், "சாப்பிட்டுட்டுப் போடுங்க பாட்டி, வெறும் வயித்துல போடாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போகிறார். உணவு வங்கியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்த பை நின்றது முதல், அந்தப் பாட்டி சோறு இருக்கும் நாளில் மாத்திரை போடுகிறார், இல்லாத நாளில் மாத்திரையை எடுத்துத் தகர டப்பாவில் சேர்த்து வைக்கிறார். டப்பா பாதி நிறைந்துவிட்டது. ஒருநாள் மயங்கி வாசலில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டார்தாம் தூக்கினார்கள். அந்தப் பையில் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை ஐயா: இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ துவரம் பருப்பு, ஒரு பாக்கெட் ரவை, கால் லிட்டர் எண்ணெய், உப்பு. இதைத் தரக் கடைவீதியில் இன்றும் ஆள் இருக்கிறார்கள், கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் இருக்கிறோம், வாங்கிக்கொள்ளப் பாட்டி இருக்கிறார். இடையில் இல்லாதது தங்கள் அலுவலகத்தின் ஒரு தாள்.

6. அதே ரவை இப்போது எங்கே போகிறது தெரியுமா? காலாவதித் தேதி வரும் வரை அலமாரியில் கிடந்து, பிறகு குப்பை வண்டிக்குப் போகிறது. வேறு யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாதென்று கடைப் பையன்கள் ஒவ்வொரு பாக்கெட்டையும் கத்தியால் கீறிக் கொட்டுகிறார்கள். இதற்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை.

7. மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். இணையவழியிலும் கொடுத்தோம். "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று குறுஞ்செய்தி வந்தது. அந்த உரிய அலுவலர் யார் என்று கேட்டுப் போனால், அவர் முகாமில் இருக்கிறார் என்றார்கள். பின்னர் "மனு முடித்து வைக்கப்பட்டது" என்று இன்னொரு குறுஞ்செய்தி வந்தது. என்ன முடிந்தது, யாருக்கு முடிந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. எங்கள் பேரேட்டில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். பொருள் வைக்கும் அறையில் குறை இருந்தால் வந்து பாருங்கள், சரிசெய்கிறோம். பதிவு தர முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். மேல்முறையீடு செய்ய வழியாவது கிடைக்கும். ஒன்றுமே சொல்லாமல் இருப்பதற்கு நாங்கள் எங்கே போய் மேல்முறையீடு செய்வது?

மனு சற்றுக் கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறோம். தங்கள் துறையின் கண்காணிப்பு வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. கெட்டுப்போன பொருள் ஏழையின் தட்டுக்குப் போகக் கூடாது என்பதில் தங்களுக்குள்ள அக்கறை எங்களுக்கும் உண்டு. மாதம் ஒருமுறை பேரேட்டைத் தங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

ஆகவே, நிலுவையிலுள்ள எங்கள் பதிவு விண்ணப்பத்தின் மீது உடனடியாக முடிவெடுத்து எழுத்துபூர்வமாகத் தெரிவிக்குமாறும், காலாவதியாகாத, லேபிள் உள்ள உணவுப் பொருளை விதிகளுக்கு உட்பட்டு உணவு வங்கிக்கு வழங்கலாம் என்று கடைவீதி வியாபாரிகளுக்குத் தங்கள் கையொப்பத்துடன் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறும், ஆய்வு தேவையெனில் நாள் குறித்து நேரில் வருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். சுற்றறிக்கை ஒரு பக்கம் போதும், ஐயா. அதை நகலெடுத்து ஒவ்வொரு கல்லாவுக்கும் நாங்களே கொண்டுசேர்ப்போம். தயவுசெய்து இம்முறையாவது பதில் தாருங்கள்.

விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு, பேரேட்டின் நகல், முந்தைய மனுக்களின் நகல்கள் ஆகியவை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதி உணவு வங்கிப் பொறுப்பாளர்கள் மற்றும் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான கவனத்திற்கு.