யெஸ்டி எஞ்சினுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பார்ந்த ஜாவா, யெஸ்டி நண்பர்களுக்கும், இந்தச் சில மாதங்களில் என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்ட மற்ற அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சேர்த்த என் பழைய யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்டி, பதிவும் இன்னும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. எஞ்சினை எந்த நிலையில் சாக்குப்பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அதற்கு முன் அது யார் கையில் என்ன பாடுபட்டது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை என்பதால் அதை இங்கே மறுபடி கிளறப் போவதில்லை.

உதவியவர்கள் பலர் இருந்தாலும், ஒருவரைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். உக்கடம் பக்கத்தில் பழைய இருசக்கர வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றின் உரிமையாளர் அவர். தன் பெயரையோ கடையின் பெயரையோ எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

எஞ்சினுக்குத் தேவையான பாகங்களுக்கு வேறிடங்களில் வாங்கிய விலைப்பட்டியலோடு அவரிடம் போனபோது, நான் எதிர்பார்த்தது சற்றுக் குறைந்த விலை ஒன்றைத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்; பிறகு பேனாவை எடுத்துப் பாதிக்கு மேற்பட்ட வரிகளை அடித்துவிட்டார். “தம்பி, கோடு போட்டதெல்லாம் எங்கிட்ட வாங்காதீங்க. நேரா பேரிங் கடைக்குப் போங்க. அங்கயும் வண்டி பேரைச் சொல்லாதீங்க, அளவை மட்டும் சொல்லுங்க. யெஸ்டின்னு வாயைத் தொறந்தா வெலை ஏறிக்கும்” என்றார்.

சொன்னதோடு நிறுத்தியிருந்தாலே அது பெரிய உபகாரம். ஆனால் அவர் என் பையிலிருந்த பழைய பேரிங்குகளை (தண்டு உரசாமல் சுழல உதவும் குண்டு வளையங்களை) ஒவ்வொன்றாக எடுத்து, பனியன் வேஸ்ட்டால் கறுப்பு எண்ணெயைத் துடைத்து, வளையத்தின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைத் தெருவெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அந்த எண்ணுக்குரிய அளவு உலகம் முழுவதும் ஒன்றே. அதே பேரிங் வண்டியின் பெயர் அச்சிட்ட பெட்டிக்குள் போய்விட்டால்தான் அரிய பொருளாகிவிடுகிறது. மில்லுக்கும் மோட்டார் பம்புக்கும் நாள் முழுக்க பேரிங் விற்கும் கோயம்புத்தூரில், ஒரு பேரிங்குக்காக டெல்லி கரோல் பாக் உதிரிப்பாகக் கடைகள் வரை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அடுத்ததாக, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் உட்காரும் இடத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று எண்களையும் பழைய பில் புத்தகத் தாள் ஒன்றின் பின்புறத்தில் வரிசையாக எழுதினார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் முதலில் அந்தத் தண்டு இருக்கும் கூடான கிராங்க் கேஸுக்குள் நுழைந்து, பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்ட பிறகே சிலிண்டருக்கு ஏறுகின்றன. அந்தச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்து, சூடு ஏறி, கடைசியில் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். ஆகவே விலை குறைவு என்று சாதாரண ரப்பரில் திருப்தி அடைந்துவிடாமல், பெட்ரோலையும் சூட்டையும் தாங்கும் ‘விட்டான்’ (Viton) என்ற உயர்ரக ரப்பர் சீலாகக் கேட்டு வாங்கச் சொன்னார். கிராங்க் பேரிங் எண்ணுக்குப் பக்கத்தில் ‘சி3’ என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டார். குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்யப்படும் வகை அது. ஷாஃப்ட்டிலும் கேஸிலும் இறுக்கி அடித்து உட்காரவைத்தபின் சூடேறும்போது, சாதாரண பேரிங்கில் இருக்கும் இடைவெளி போதாமல் போய்விடும். “இது இல்லாம வாங்கிட்டு வந்து எம்மேல கோவிச்சுக்காதீங்க” என்று சிரித்தார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது காசு கொடுத்துப் பொருள் வாங்க வந்தவர் ஒருவர் கல்லா முன்னால் காத்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது நான் பணத்தை நீட்டியதற்கு, “ஒரு கேஸ்கெட் செட் மட்டும் எங்கிட்ட எடுத்துக்கங்க, போதும்” என்று அதற்குரிய சிறு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் உற்பத்தியைத் தொடங்கி 1996இல் நின்றுபோனது. அதன்பின் கடைகளின் பரணில் மிஞ்சியதும், யாரோ சில்லறையாகச் செய்து விற்பதுமே நமக்குக் கதி. 2022இல் யெஸ்டி என்ற பெயர் திரும்பி வந்தபோதும் அது 334 சிசி, நீரால் குளிரூட்டப்படும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்ததால், நம் 250 சிசி எஞ்சினுக்கு அதில் ஒரு வாஷர்கூட ஆகாது. இந்த நிலையில் எல்லாப் பாகமும் கிடைத்தற்கரியது என்று நம்மை நம்பவைப்பது எளிது. உண்மையில் யெஸ்டிக்கென்றே செய்யப்பட்ட பிஸ்டன், கனெக்டிங் ராட், கியர், கிளட்ச் போன்றவை ஒரு வகை. அளவு தெரிந்தால் எந்த ஊரிலும் கிடைக்கும் பேரிங், சீல், சர்க்ளிப், போல்ட் எல்லாம் வேறொரு வகை. செக் நாட்டு வடிவமைப்பு என்பதால் மரைகள்கூட மெட்ரிக் அளவுதான். அங்குல அளவு மரைகள் கொண்ட பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த நிம்மதியின் அருமை புரியும். இவ்விரு வகைப் பாகங்களையும் ஒரே பட்டியலில் கலந்து விற்பதில்தான் வியாபாரிக்கு லாபம் இருக்கிறது. அந்தக் கலவையைத் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தவரும் ஒரு வியாபாரி என்பதை இன்னும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் தாளால் மிச்சமான பணத்தில்தான் தரமான கனெக்டிங் ராட் கிட் வாங்கவும், சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சீராக்கும் போரிங்கை முறையாகச் செய்யவும் முடிந்தது.

மற்றவர்களுக்கு நன்றியை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். கிராங்கை பிரஸ்ஸில் பிரித்துப் புதிய பின் ஏற்றி, கோணலைக் காட்டும் டயல் கேஜின் முள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்வரை செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கிய கணபதி லேத் மாஸ்டருக்கும், பிஸ்டனைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாலொழிய சிலிண்டரைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்த போரிங் மாஸ்டருக்கும், பல்சக்கரத்தைக் கழற்றும் கருவியான ஸ்பிராக்கெட் புல்லரை வாடகை பேசாமல் பஸ் பார்சலில் அனுப்பிய மைசூர் நண்பருக்கும், பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எனக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய சென்னை மச்சானுக்கும் நன்றி. பேரிங்குகள் எளிதாக உள்ளே இறங்குவதற்காகக் கிராங்க் கேஸைச் சூடாக்க அடுப்பையும், பேரிங்குகளைக் குளிரவைக்க ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் இடத்தையும் ஒதுக்கித் தந்த என் மனைவிக்கு நன்றி என்ற சொல் போதாது. அந்த ஃப்ரீசரைக் கழுவித் தரும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

அண்ணன் எழுதிக்கொடுத்த அளவுகளைத் தெளிவாகப் படியெடுத்து, வாங்கிப் பொருத்திச் சரிபார்த்தவற்றைக் குறியிட்டு வைத்திருக்கிறேன். ரோட்கிங் எஞ்சினைப் பிரிக்கும் எவருக்கும் அதன் நகலைக் காசில்லாமல் தருவேன். மைசூர்ப் புல்லரைப் பார்த்து அதேபோல் ஒன்றை லேத்தில் செய்யச் சொல்லியிருக்கிறேன். கொங்குப் பகுதி நண்பர்கள் யார் கேட்டாலும் அதுவும் இரவலாகக் கிடைக்கும், திருப்பித் தந்தால் போதும். அபூர்வப் பாகங்களை மொத்தமாக வாங்கிப் பதுக்கி, விலை ஏறியபின் விற்கும் வேலைக்கு ஒருநாளும் போகமாட்டேன் என்பதையும் எழுத்திலேயே பதிவு செய்கிறேன்.

இப்போது எஞ்சின், புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் ரன்னிங்-இன் காலத்தில் இருப்பதால் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். அது முடிந்ததும் கிளட்ச் பிளேட்டுகளை மாற்ற வேண்டும். அவை யெஸ்டிக்கென்றே உள்ளவை. அண்ணன் கடையில் இருப்பில் இருக்கின்றன. அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே, பேரம் பேசாமல் வாங்கப் போகிறேன்.

நன்றியுடன்,
கோயம்புத்தூர் ரோட்கிங்காரன்