ஜெர்மனியில், கெம்னிட்ஸில் படிக்கும் அம்மணிக்கு

கோபி,
11 ஜனவரி 2026

அம்மணி,

போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். டிராமில் போகும்போது படி. ராத்திரி கண் முழித்துப் படிக்க வேண்டாம்.

முதலில் நெய். பார்சலில் அனுப்ப முடியாது, கண்ணு. பால் சேர்ந்தது, கறி சேர்ந்தது இரண்டையும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கையிலும் கொண்டுபோகக் கூடாது, தபாலிலும் போடக் கூடாது. கஸ்டம்ஸில் பிரித்தால் மொத்தப் பெட்டியும் நின்றுபோகும். அங்கேயே உப்புப் போடாத வெண்ணெய் 250 கிராம் கட்டி இரண்டு வாங்கி, அடி கனமான பாத்திரத்தில் சிறு சூட்டில் வை. சடசடப்பு அடங்கி அடியில் கசடு பொன்னிறமானதும் உடனே இறக்கி வடிகட்டு. அரை நிமிஷம் தாமதித்தாலும் கருகிப்போகும், அந்த அடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும். கறிவேப்பிலையும் பச்சையாக வராது. பொடியாக இடித்து அனுப்புகிறேன். பார்சலின் மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால்தான் அன்பளிப்பு என்று வரி இல்லாமல் விடுவார்கள். அதனால் பெரியம்மா கொடுத்த சேலை இந்த முறை வராது.

மாத்திரையும் தபாலில் போடக் கூடாது. அதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். நீ கொண்டுபோன தைராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு. கணக்குப்படி டிசம்பரிலேயே தீர்ந்திருக்க வேண்டும். இன்னும் இருக்கிறது என்றாய். இருக்கிறது என்றால் போடவில்லை என்று அர்த்தம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது குடும்ப டாக்டரை, ஹௌஸார்ட்ஸ்ட் என்கிறார்களே, அவரை. பல இடத்தில் புது ஆள் சேர்க்க மாட்டார்கள். காலையில் திறந்ததும் போன் செய்து இரண்டு மூன்று இடம் கேட்க வேண்டும். நம்ம ஊர் சீட்டையும் கடைசியாக எடுத்த டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போ. மருந்துச் சீட்டைக் கணினியிலேயே ஏற்றிவிடுவார்கள், கடையில் உன் இன்சூரன்ஸ் கார்டை நீட்டினால் போதும். மாதம் 140 யூரோவுக்கு மேல் இன்சூரன்ஸுக்குக் கட்டுகிறாயே, அது எதற்கு?

தூங்கி எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும், தினமும் ஒரே நேரத்தில். காபி அரை மணி கழித்து. ஒரு நாள் பகலில் தூக்கம், ஒரு நாள் ராத்திரியில் தூக்கம் என்று மாறினால் அந்த மாத்திரைக்கு வேளையே கிடையாது. பொதுவாகச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு நான் போடும் செய்திக்கு உடனே நீல டிக் விழுகிறது. அங்கே அப்போது விடிகாலை நாலு மணி. குளிரில் தூக்கம் வராது என்பார்கள், அதுவாக இருக்கும்.

அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மஞ்சள் வெட்டுக்கு ஆள் சொல்லியாயிற்று. பெரியப்பா வந்திருந்தார், கிழக்கால காட்டைப் பற்றித்தான். எப்போதும் சொல்லும் பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை கடன் கணக்கின் பாஸ்புக்கைப் பதிந்து வந்தேன். நானும் போடாத, அப்பாவும் போடாத ஒரு வரவு அதில் இருக்கிறது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கல்விக் கடன் எப்படி ஓடும் என்பதை மட்டும் சொல்கிறேன். வங்கியில் என் மேஜைக்கு வருகிற ஃபைல்களில் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இது தெரிவதில்லை.

படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. அதுவரை தனிவட்டிதான். இப்போது விடுவித்திருக்கும் 14 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் மாதம் 11,083 ரூபாய். அதை மாதாமாதம் கட்டி வந்தால் வட்டியில் ஒரு சதவீதம் வரை சலுகை உண்டு, கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்துகொள்ளும். அதனால் அப்பாவின் சம்பளத்திலிருந்து ஐந்தாம் தேதி தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பா பழைய முறையில் வரி கட்டுகிறார். வருமான வரியில் கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் கழிவு கிடைக்கும், உச்சவரம்பு இல்லை. அதே வட்டியை அங்கிருந்து வேறு யாராவது கட்டினால் அந்தக் கழிவு வீண். பணம் அனுப்பும் கட்டணம் வேறு. ஆக, அங்கிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயும் இங்கே முழு ரூபாயாக நிற்பதில்லை. கிழக்கால காட்டுப் பத்திரம் இந்தக் கடனுக்கு ஈடாக வங்கியில் இருப்பதால் அது கைவிட்டுப் போய்விடும் என்று யாராவது உன்னிடம் சொன்னார்களா? வட்டி ஒழுங்காகப் போகும் கணக்கின் பத்திரத்தை எந்த மேனேஜரும் தொட முடியாது. யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

இரண்டாம் தவணை விடுவிக்க வங்கி கேட்பது மதிப்பெண் பட்டியல். வருகிற வருஷம் பிளாக்ட் அக்கவுண்டில், மாதாமாதம் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று முடக்கி வைக்கும் அந்தக் கணக்கில், மறுபடி ஒரு வருஷத்துக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். இப்போதைய கணக்கில் மாதம் 992 வீதம் 11,904 யூரோ. இரண்டுக்கும் அடிப்படை பிப்ரவரிப் பரீட்சைதான். அதனால் மற்றதெல்லாம் பிறகு, பரீட்சை முதலில்.

நீ இங்கே படித்த காலேஜ் மாதிரி பேர் தானாக ஏறாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஒவ்வொரு பேப்பருக்கும் நீயே இணையத்தில் பதிய வேண்டும். கெடு முடிந்தால் பாடம் நடத்துகிறவரே நினைத்தாலும் சேர்க்க முடியாது. பதிந்துவிட்டுப் போகாமல் இருந்தால் 5.0, அதாவது தோல்வி. உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் வாங்கிய சீட்டு செல்லாது என்றே வைத்துக்கொள். படிக்காத பேப்பர் இருந்தால் கெடுவுக்குள் பதிவை நீக்கிவிடு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரே பேப்பரில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பை விட்டே எடுத்துவிடுவார்கள். அதே படிப்பில் ஜெர்மனியில் வேறு எங்கும் சேரவும் முடியாது. இங்கே அரியர் எட்டு வைத்துக்கொண்டு எட்டையும் கடைசியில் எழுதின கதையெல்லாம் அங்கே நடக்காது. நான்கு செமஸ்டருக்கு 120 கிரெடிட், செமஸ்டருக்கு 30. முதல் செமஸ்டரில் 30-ம் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாலு பேப்பரை நன்றாக எழுது.

கோடை செமஸ்டருக்கான கட்டணத்தையும் கெடுவுக்குள் கட்டிவிடு. அடுத்த செமஸ்டருக்குப் பேரைப் புதுப்பிக்கச் சொல்லி ரூக்மெல்டுங் என்று மெயில் வந்திருக்கும், வராவிட்டாலும் கெடு கெடுதான். கட்டாவிட்டால் பேரை நீக்குவார்கள், பேர் போனால் தங்கும் உரிமையும் போகும். விசா மார்ச் 14-ல் முடிகிறது. விண்ணப்பம் அதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேரம் கொடுக்கவில்லை என்று நீ காத்திருக்காதே. ஆன்லைனிலோ மெயிலிலோ அனுப்பி, அனுப்பியதற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்து. பாஸ்போர்ட், படிப்புச் சான்று, இன்சூரன்ஸ் சான்று, வாடகை ஒப்பந்தம், முகவரி பதிந்த தாள், பிளாக்ட் அக்கவுண்ட் சான்று. அட்டை வரத் தாமதமானால் இடைக்காலச் சான்று கேட்டு வாங்கு. போட்டோவைத் தாளில் கொடுத்தால் இப்போது வாங்குவதில்லை, டிஜிட்டலில்தான்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. இங்கே படித்த படிப்பைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய் கட்டியதிலிருந்து பிளாக்ட் அக்கவுண்ட் திறந்து விசா கையில் வாங்கும் வரை ஏஜெண்டுக்கு ஒரு பைசா கொடுக்காமல் நீயே செய்தாய். போன வாரம்கூட எங்கள் கிளை மேனேஜர் தன் மகனுக்காக உன் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்று நீ ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அசந்துபோனார். அத்தனை விவரமானவள், ஒரு கணக்கை மட்டும் தப்பாகப் போடுகிறாயோ என்று தோன்றுகிறது.

அந்தக் கணக்கு இது. ஒரு பேப்பர் தவறி ஒரு செமஸ்டர் நீண்டால், ஆறு மாதச் செலவு 992 வீதம் 5,952 யூரோ. அங்கே இந்த வருஷம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90. எட்டு மணி நேரத்துக்கு 111 யூரோ 20 சென்ட். 53 ராத்திரி நின்று வேலை செய்தாலும் அந்த ஆறு மாதத்துக்கு ஈடாகாது, அதுவும் பிடித்தம் போவதற்கு முன்னால்.

அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது வேலைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நீ போகிறாய் என்று சொல்லவில்லை. போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: வருஷத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். நாலு மணி நேரம் வரைதான் அரை நாள். ஆறு மணி நேர ஷிஃப்ட் முழு நாளில் சேரும். இப்படி நாள் கணக்கில் எண்ணினால், வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட் என்று வருஷம் முழுக்கப் போனால் 156, வரம்பு தாண்டியாயிற்று. பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் மாணவருக்கான இன்சூரன்ஸ் சிக்கலில்லாமல் தொடரும். ஒரு ஷிஃப்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 11 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கிடங்குக்கு ஆள் சேர்க்கிற இடைத்தரகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்துக்கும், கையில் காசு கொடுக்கிற இடத்துக்கும் போகவே கூடாது. அங்கே விழுந்து கை உடைந்தால் நீ வேலை செய்ததற்கே சாட்சி இருக்காது. வரி எண் தபாலில் வந்ததும் வேலை கொடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறாம் வரி வகுப்பு என்று போட்டு அதிகமாகப் பிடிப்பார்கள். இன்னொருவர் பெயரில் இருக்கும் கணக்கை வாடகைக்கு எடுத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். மாட்டினால் விசாவே போகும்.

வேலை என்றால் பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை இருக்கிறதே, ஹிவி என்று நீ சொன்னது. அது அந்த 140 நாளில் சேராது. லேப் பக்கத்திலேயே, பகலிலேயே. ஆனால் அதற்கும் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணைத்தான் கேட்பார்கள். டிரெஸ்டன் பக்கம் சிப் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன, எம்பெடட் (கருவிகளுக்குள் பொருத்தும் கணினி) படித்தவர்களைத்தான் தேடுகிறார்கள் என்று கெம்னிட்ஸைத் தேர்ந்தெடுத்தபோது நீ அப்பாவுக்கு மேப் போட்டுக் காட்டினாய். அதற்கு ஜெர்மனும் வேண்டும். மொழி மையத்தில் சேர்ந்தாயா? இதைப் போன முறையும் கேட்டேன்.

அறை ஜன்னலைத் தினமும் இரண்டு மூன்று தரம், ஹீட்டரை அணைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் முழுக்கத் திற. அரைகுறையாகச் சாய்த்து வைத்தால் சூடும் போகும், ஈரமும் போகாது. சுவரில் பூஞ்சை பிடித்தால் காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ரொட்டியும் நூடுல்ஸும் தின்றது போதும். அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஒரு குக்கர் போதும்: அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர். சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஐந்து பல், தக்காளி, மஞ்சள்தூள், சீரகம். மூன்று விசில். பொது அடுப்பறையில் தாளிக்கும்போது மிளகாய் நெடி மேலே புகையறியும் கருவிக்குப் போகாமல் ஜன்னலைத் திறந்து வை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே தயிர் வாங்கு. சனிக்கிழமை ராத்திரி வேறெங்கும் போகாமல் தூங்கு.

வியாழக்கிழமை பொங்கல். வீடியோவில் வருகிறாய் என்றால் இங்கே பத்து மணி, உனக்குக் காலை ஐந்தரை. வேண்டாம், அப்போது தூங்கு. சாயந்தரம் பேசலாம்.

இதைப் படித்ததும் பதில் நீளமாக எழுத வேண்டாம். பரீட்சைக்குப் பதிந்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, டாக்டரிடம் நேரம் வாங்கிய தேதியை அனுப்பு. சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் அதை எனக்கு அனுப்ப வேண்டாம். தூக்கியும் போடாதே, பிடித்த வரியைத் திரும்பக் கேட்க நாலு வருஷம் அவகாசம் உண்டு.

அம்மா