அவை கிறுக்கர்கள் செய்த வண்டிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் முதல் உலகப் போர்க் காலத்து விசித்திரமான கவச வண்டிகளைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்களைப் பார்த்ததும் கையில் இருந்த டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் படித்தேன். ஆனால் மேலே 'கிறுக்கர்கள் செய்த வண்டிகள்' என்று தலைப்பு வைத்து, படத்துக்குப் படம் கேலியாக ஒரு வரி எழுதியிருந்தது மனசுக்கு ஒப்பவில்லை. நான் 26 வருஷமாகச் செயின் பொக்லைன், டோசர் ரிப்பேர் பார்க்கிறவன், சேற்றில் சிக்கின வண்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராது, எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது, ஏன் இறங்கியது என்றுதான் பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்த்தால் உங்கள் பக்கத்தில் இருந்த வண்டிகள் எல்லாம் வேறு மாதிரித் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். ரஷ்யாவின் 'ஜார் டாங்கி' படத்துக்குக் கீழே, பெரிய சக்கரங்களின் பாரம் தாங்காமல் முன்பக்கம் புதைந்தது என்று போட்டிருக்கிறீர்கள். முன்பக்கம் புதையவே இல்லை. நிக்கோலாய் லெபெடென்கோ வடிவமைத்த அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு ஆரச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரம், மூன்று மாடி வீட்டு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பாரத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு உருளை, அதன் உயரம் வெறும் ஒன்றரை மீட்டர். 1915 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு வடக்கே திமித்ரோவ் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். கிளம்பினதும் வழியில் நின்ற ஒரு மரத்தை ஒடித்துக்கொண்டு போயிருக்கிறது, பார்த்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பின் உருளை இளகின மண்ணில் இறங்கிவிட்டது. ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனியாக 200 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் இருந்தும் இழுத்து வெளியே எடுக்க முடியவில்லை.

இதில் புரியாதது எதுவும் இல்லை. மாட்டு வண்டிக்குச் சக்கரம் ஏன் ஆள் நெஞ்சு உயரம் வைத்தார்கள்? பள்ளத்தில் விழுந்தாலும் பெரிய சக்கரம் உருண்டு ஏறிவிடும், சின்னச் சக்கரம் அங்கேயே குத்திக்கொண்டு நின்றுவிடும். லெபெடென்கோவின் கணக்கு முன்பக்கம் சரியாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் பாரம் அதிகம், மண்ணைத் தொடும் இடம் குறைவு, அங்கேதான் தப்பு. வண்டி திட்டம் போட்டதைவிட ரொம்பக் கனமாகவும் வந்துவிட்டது. அந்த உருளையை மட்டும் மாற்றியிருந்தால் ஓடியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, ஏனென்றால் அந்த ஆரச் சக்கரத்தில் ஒரு பீரங்கிக் குண்டு பட்டாலே கதை முடிந்தது. ஆனால் முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு, செய்தித்தாள் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

அந்த வண்டிக்காக ஜார் மன்னரைப் பார்க்கப் போனபோது, லெபெடென்கோ மரத்தால் செய்த, சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மை ஒன்றைக் கொண்டுபோனாராம். மன்னரும் அவரும் தரையில் உட்கார்ந்து சட்டப் புத்தகங்களைக் குறுக்கே அடுக்கி, பொம்மை அதன்மேல் ஏறி இறங்குவதை ரசித்தார்கள் என்று சொல்வார்கள். 2,10,000 ரூபிள் ஒதுக்கப்பட்டது. சோதனை தோற்றபின் வண்டி அதே இடத்தில் வருஷக்கணக்கில் கிடந்து, 1923 வாக்கில்தான் உடைத்து இரும்புக்குப் போனது. இதில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் அலெக்சாண்டர் மிகுலின், போரிஸ் ஸ்தெச்கின். மிகுலின் பின்னால் சோவியத் விமான எஞ்சின்களை வடிவமைத்தார், இரண்டாம் உலகப் போரில் பறந்த இல்-2 விமானத்துக்கு அவருடைய எஞ்சின்தான். ஸ்தெச்கின் ஜெட் எஞ்சின் கோட்பாட்டில் பெரிய பெயர். இவர்களையா கிறுக்கர்கள் வரிசையில் நிற்க வைப்பது?

சரி, அவர்கள் ஏன் இப்படியெல்லாம் யோசித்தார்கள் என்பதை உங்கள் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. 1914-ல் போர் தொடங்கின முதல் மாதங்களில் பெல்ஜியத்தில் கவச கார்கள் நன்றாகத்தான் ஓடின, ஏனென்றால் ரோடு இருந்தது. அந்த வருஷக் கடைசிக்குள் சுவிட்சர்லாந்து எல்லையில் இருந்து வட கடல் வரைக்கும் இரண்டு பக்கமும் பதுங்குகுழி தோண்டி, முன்னால் முள்கம்பி வேலி போட்டு, எந்திரத் துப்பாக்கியை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் இருந்த நிலம் குண்டு விழுந்து விழுந்து, மழை பெய்து, உழுத சேற்று வயல் மாதிரி ஆகிவிட்டது. அதில் ஆள் நடந்து போனால் வேலிக்குப் போய்ச் சேர்வதற்குள் செத்தான். காருக்கோ வழியே இல்லை. சேற்றைத் தாண்ட வேண்டும், வேலியை மிதிக்க வேண்டும், குழியைக் கடக்க வேண்டும், குண்டும் துளைக்கக் கூடாது. எல்லா நாட்டிலும் ஆளாளுக்கு இந்த ஒரே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள்.

பிரான்சில் லூயி புவரோ என்பவர் செய்ததைக் கேளுங்கள். ஆறு பெரிய இரும்புச் சட்டங்களைக் கீல் போட்டு வளையமாகக் கோத்து, அதற்கு உள்ளே எஞ்சினை வைத்தார். எஞ்சின் முன்னேற முன்னேற ஒவ்வொரு சட்டமும் முன்னால் வந்து தரையில் விழும், வண்டி அதன்மேல் ஏறிப் போகும். 4 மீட்டர் உயரம், 8 மீட்டர் நீளம், 30 டன். 1915 தொடக்கத்தில் ஓட்டினார்கள், முள்கம்பியை மிதித்தது, குழியையும் தாண்டியது. ஆனால் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை, திரும்புவது பெரும்பாடு. பழைய ராட்சதப் பல்லியின் பெயரை வைத்து அதைக் கிண்டல் செய்தார்கள், நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு நிமிஷம் அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள், வண்டி தன் பாதையைத் தானே முன்னால் விரித்துக்கொண்டு அதன்மேல் நடக்கிறது. செயின் வண்டி செய்வதும் அதைத்தான். சட்டம் ஆறாக இல்லாமல் அறுபதாக, சின்னதாக, தரையோடு ஒட்டி இருந்திருந்தால் அதுதான் டாங்கி.

செயின் வண்டியே அப்போது புதிதல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஸ்டாக்டனில் பெஞ்சமின் ஹோல்ட் 1904-லேயே இளகின வயல் மண்ணில் புதையாமல் உழுவதற்குச் செயின் டிராக்டரை ஓட்டிக் காட்டிவிட்டார். அப்படியிருந்தும் இங்கிலாந்தில் முதலில் சக்கரத்தின் பின்னால்தான் ஓடினார்கள், 40 அடி உயரச் சக்கரம் வைத்துத் 'தரைக்கப்பல்' செய்யலாம் என்று கடற்படை விமானப் பிரிவு அதிகாரி ஹெதரிங்டன் யோசனை கொடுத்தார். கணக்குப் போட்டால் எடை தாங்காது என்று தெரிந்து சக்கரத்தைச் சின்னதாக்கி, அப்புறம் கைவிட்டார்கள். சர்ச்சில் 1915 பிப்ரவரியில் அமைத்த தரைக்கப்பல் குழு, கடைசியில் லிங்கன் நகரத்தில் விவசாய எந்திரம் செய்யும் ஃபாஸ்டர் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே கம்பெனியை நடத்தின வில்லியம் டிரிட்டன், அவரோடு எஞ்சினியர் வால்டர் வில்சன்.

இந்த இடத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அவர்களுடைய முதல் வண்டி 'லிட்டில் வில்லி'க்குச் சிகாகோவில் இருந்து ரெடிமேட் செயின் வரவழைத்துப் போட்டார்கள். தரையில் ஓடும்வரை பிரச்சினை இல்லை. குழியைத் தாண்டும்போது செயினின் கீழ்ப்பக்கம் தொங்கியது, ரோலரை விட்டு நழுவியது. நான் இதை வேலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஏரி தூர்வாரும் இடத்தில் ஒரு பொக்லைன் கரை ஓரம் சாய்ந்து ஏறினது, செயின் லூசாக இருந்தது, ஓரத்தில் கல் சிக்கி, ஒரு பக்கச் செயின் ஐட்லரை, அதாவது செயினை முன்னால் இழுத்துப் பிடிக்கும் சக்கரத்தை விட்டு அப்படியே பாய் சுருட்டினது போல வெளியே வந்துவிட்டது. முட்டி வரைக்கும் சேறு. கிரீஸ் வால்வைத் திறந்து டைட்டை இறக்கி, பின்னைத் தட்டிக் கழற்றி, கடப்பாரையால் நெம்பி நெம்பித் திரும்ப ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, நாங்கள் நாலு பேர். அன்றைக்கு எங்களை யாரும் சுடவில்லை. டிரிட்டனுக்கு அந்தக் கணக்கும் இருந்தது, குழிக்கு நடுவில் செயின் கழன்றால் உள்ளே இருப்பவர்கள் யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அழுத்தி வடிவமைத்த எஃகுத் தகடுகளை வார்ப்புக் கண்ணிகளில் ரிவிட் அடித்து, உள்பக்கம் ஒரு பிடிப்பு வைத்து, அது வண்டிச் சட்டத்தின் காடியில் மாட்டிக்கொண்டே ஓடுகிற மாதிரி புதுச் செயின் செய்தார். அந்தரத்தில் தொங்கினாலும் செயின் தொய்ந்து விழாது. 1915 செப்டம்பர் 22-ம் தேதி அவர் லண்டனுக்கு அடித்த தந்தி, வீட்டில் குழந்தை பிறந்த சேதி மாதிரி இருக்கும், புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது, எடை குறைவு, ஆனால் ரொம்ப பலம், எல்லோரும் நலம் என்கிற பாணியில். ராத்திரி பகலாக ஒரு கண்ணியோடு மல்லுக்கட்டின மனுஷனுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும். அப்புறம் வில்சன் செயினை வண்டியைச் சுற்றி மேலே வரைக்கும் ஓடவிட்டு, முன்மூக்கைத் தூக்கி, அந்தச் சாய்சதுர வடிவத்தைக் கொண்டுவந்தார். 1916 ஜனவரி, பிப்ரவரியில் ஹாட்ஃபீல்டு பூங்காவில் அதிகாரிகள் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று தண்ணீர்த் தொட்டி என்ற பொருளில் 'டாங்க்' என்றே பேசிக்கொண்டார்கள், சில வண்டிகள் மேல் 'பத்திரமாகப் பெத்ரோகிராடுக்கு' (அப்போதைய ரஷ்யத் தலைநகரம்) என்று ரஷ்ய எழுத்தில் எழுதியும் வைத்தார்கள். நாம் இன்றைக்கு டாங்கி என்கிறோமே, அந்தச் சொல் வந்த வழி இதுதான்.

உள்ளே இருந்தவர்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சாய்சதுர வண்டிக்கு மார்க் 1 டாங்கி என்று பெயர், எடை 28 டன், உள்ளே 8 பேர், நடுவில் 105 குதிரைத்திறன் எஞ்சின் மூடாமல் கொள்ளாமல் அப்படியே. ஓட்டுவதற்கு மட்டும் 4 பேர் வேண்டும். ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் பிரேக் பிடிக்கும் அதிகாரி, பின்னால் இடது செயினுக்கு ஒருவர், வலது செயினுக்கு ஒருவர் கியர் மாற்ற. சத்தத்தில் வாய் பேச்சு கேட்காது, எஞ்சின் மூடியில் ஸ்பேனரால் தட்டிச் சைகை காட்டுவார்கள். சூடு 50 டிகிரி வரை போகும், புகை நெஞ்சை அடைக்கும், வெளியே குண்டு பட்டால் உள்பக்கத்துத் தகட்டில் இருந்து சூடான இரும்புத் துணுக்கு தெறிக்கும், அதற்காக முகத்துக்குச் சங்கிலி வலை தொங்கும் முகமூடி கொடுத்தார்கள். சேதி அனுப்பப் புறாவையும் கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் ஃப்ளேர் பக்கம் முதல் முறையாகப் போனபோது ஒதுக்கினது 49, புறப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தது 32. மற்றவை வழியிலேயே ரிப்பேர்.

பிரெஞ்சுக்காரர்கள் 1917 ஏப்ரல் 16-ல் பெர்ரி-ஓ-பாக்கில் ஷ்னைடர் டாங்கிகளை இறக்கினார்கள். பெட்ரோல் தொட்டி முன்பக்கத்தில். குண்டு பட்டதும் தீ. ஆட்களோடு எரிந்தன. அவர்களுடைய இன்னொரு வண்டி சான்-ஷாமோன், மூக்கு நீளம், செயின் குட்டை, குழியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஜெர்மன்காரர்கள் ஏ7வி என்ற டாங்கி 20 செய்தார்கள், ஒவ்வொன்றிலும் 18 பேர், அதற்கும் தரைக்கும் இடையில் இடைவெளி போதவில்லை. பிரான்சின் ரெனோ எஃப்டி டாங்கி 1918-ல் போருக்கு வந்தது, 2 பேர், மேலே துப்பாக்கியோடு சுற்றும் கூண்டு, பின்னால் தனி அறையில் எஞ்சின். இன்றைக்கு ஓடுகிற டாங்கிகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு அதுவே. மற்ற வண்டிகள் சிக்கியும் எரிந்தும் தடுமாறின அதே போர்க் காலத்தில், 1916-லேயே அதை வடிவமைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியாக, லான்ஸ்லாட் டி மோல் என்கிற ஆஸ்திரேலியரை உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. 1912-லேயே செயின் வைத்த கவச வண்டியின் வரைபடத்தை லண்டனுக்கு அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்தபின் கண்டுபிடிப்பாளர்களுக்குப் பணம் கொடுக்க அமைத்த பிரிட்டிஷ் விருதுக் குழு, அவருடைய யோசனை 1916-ல் ஓடின வண்டிக்கு முந்தியது, சில விஷயத்தில் அதைவிட மேல் என்று ஒப்புக்கொண்டது. டிரிட்டனுக்கும் வில்சனுக்கும் சேர்த்து 15,000 பவுண்டு. டி மோலுக்குச் செலவுக்கென்று 987 பவுண்டு. அதே மாதிரி ஆஸ்திரியாவில் குந்தர் பர்ஸ்டின் 1911-ல் கொடுத்த வடிவத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை இந்தப் படங்களைப் போடும்போது கீழே செய்தவர் பெயரையும் வருஷத்தையும், வண்டி எந்த இடத்தில் சிக்கியது என்பதையும் போடுங்கள். ஜார் டாங்கிப் படத்துக்கான திருத்தத்தை வரும் ஞாயிறே வெளியிட்டால் நல்லது. லிட்டில் வில்லி இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது, அதன் செயின் மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் அதையும் போடுங்கள், எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயின் வண்டி மெக்கானிக் ஒருவர்,
தர்மபுரி