தேதி வரும் வரை பயிற்சியும் காத்திருக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் எனப்படும் மூளை வளர்ச்சி வேறுபாடு இருக்கிறதா என்று உறுதி செய்யும் மதிப்பீட்டுக்காகத் தோட்டப்புறக் குடும்பங்கள் நெடுங்காலம் காத்திருக்க நேர்வதைப் பற்றியும், அந்தக் காலம் முழுவதும் குழந்தைக்கு எந்தப் பயிற்சியும் கிடைக்காமல் போவதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். மலேசியாவின் தென் பேராக்கில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடைப்பட்ட செம்பனைத் தோட்டங்களை நம்பி வாழும் சிறுநகர் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவர் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுகிறார். எங்கள் மகனுக்கு நான்கு வயது கடந்துவிட்டது. கிளினிக்கில் முதன்முதலாகச் சந்தேகம் தெரிவிக்கப்பட்டு ஓராண்டுக்கு மேலாகியும் முடிவான பதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எந்த மருத்துவரையும் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. நாங்கள் சந்தித்தவர்கள் அனைவரும் பொறுமையாகவே பேசினார்கள். இத்துறையில் தேர்ந்தவர்கள் குறைவு, பார்க்க வேண்டிய குழந்தைகளோ அதிகம் என்பதை அந்தக் காத்திருப்பு அறையில் ஒருமுறை உட்கார்ந்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

முதற்படி நம் நாட்டில் ஓரளவு நன்றாகவே அமைந்திருக்கிறது. அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்குகளில், குழந்தையின் பதினெட்டாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் எம்-சேட் எனப்படும் கேள்விப் பட்டியலைக் கொண்டு பெற்றோரிடம் விசாரிக்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, பிடித்த பொருளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, நாம் காட்டும் திசையைப் பார்க்கிறதா, மற்றப் பிள்ளைகள்மேல் ஆர்வம் கொள்கிறதா என்பன போன்ற எளிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு யோசித்துப் பதில் சொல்ல நேரம் வேண்டும். வரிசையில் பின்னால் பத்துத் தாய்மார் நிற்க, மலாயில் கேட்கப்படும் கேள்விகளுக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர்களே எங்கள் பக்கத்தில் மிகுதி. மூன்று வயதுச் சந்திப்புக்கு வருகிறவர்கள் இன்னும் குறைவு. அதற்கும் காரணம் உண்டு. பதினெட்டு மாத ஊசிக்குப் பிறகு, இரண்டாம் வயதையொட்டிப் போடப்படும் சிலவற்றைத் தவிர, பள்ளியில் சேரும் வரை ஊசி எதுவும் இல்லை என்பதால், 'ஊசி இல்லையே, ஏன் போக வேண்டும்' என்று வேலை நாளை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறார்கள். மூன்று வயதுச் சந்திப்பின் முக்கியத்துவத்தை யாராவது அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னால் வராமல் இருக்க மாட்டார்கள்.

சந்தேகம் எழுந்த பிறகு நடப்பது ஒரே வரிசை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரிசைகள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம் என்பதால் செவிப் பரிசோதனை அவசியம். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் சொன்னபடி கையை உயர்த்தியோ பொம்மையைப் போட்டோ ஒத்துழைக்கத் தெரியாத குழந்தைக்கு, தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, ஒலிக்கு மூளை தரும் பதிலைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குக் குழந்தை அசையாமல் உறங்க வேண்டும். அறிமுகமில்லாத இடத்தில், வெள்ளை விளக்கின் கீழ், தலையை யாரும் தொடுவதையே பொறுக்காத ஒரு பிள்ளையை உறங்க வைப்பது எத்தகைய காரியம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். உறங்கவில்லை என்றால் வேறொரு தேதி. அந்தத் தேதி வந்து முடிவு கிடைத்த பிறகுதான் குழந்தை மருத்துவரின் வரிசை, பிறகு உளவியலாளரின் வரிசை, இடையில் பேச்சுப் பயிற்சிக்கான வரிசை. ஆட்டிசத்தை இரத்தம் எடுத்தோ ஸ்கேன் செய்தோ கண்டுபிடிக்க முடியாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்து, பிறந்தது முதலான வளர்ச்சியைப் பெற்றோரிடம் கேட்டறிந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே அவசர அவசரமாகப் பார்த்து அனுப்பிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வரிசை முடிந்த பிறகுதான் அடுத்த வரிசையில் பெயரைப் பதிய வேண்டுமா, எல்லாவற்றிலும் ஒரே நாளில் பதிந்துவிடக் கூடாதா என்பதே என் கேள்வி.

மருத்துவமனைக் கட்டணம் எங்களுக்குப் பாரமல்ல. பொதுச் சிகிச்சைக்கு ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட் என்ற ஏற்பாட்டுக்கு ஏழைகள் அனைவரும் நன்றிக்கடன்பட்டிருக்கிறோம். பாரமாக இருப்பது மற்றவை. நடை கணக்கில் சம்பளம் வாங்கும் என் கணவர் ஒரு நாள் லோரி ஓட்டவில்லை என்றால் அந்த நாளின் வருமானம் இல்லை. பஸ்ஸில் போகலாம் என்றால் கூட்டமும் ஹாரன் ஒலியும் மகனைக் கலங்க வைத்துவிடும்; அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது சுற்றியிருப்பவர்கள் வளர்ப்பு சரியில்லை என்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள். வாடகை வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்த பிறகு, மருத்துவர் அவசர வேலையாகச் சென்றுவிட்டார், வேறு தேதி தருகிறோம் என்ற பதிலும் சில நேரம் கிடைக்கும். முந்தைய நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் போதும், ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

தனியார் நிலையத்தில் காட்டுங்கள் என்று நல்ல மனத்தோடு சொல்பவர்கள் உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்றிருக்கும் நாட்டில், அந்தச் சம்பளத்தின் பெரும் பகுதியை ஒரே மதிப்பீட்டுக்குக் கொடுத்துவிட்டு மாதத்தை எப்படி ஓட்டுவது? அரசாங்கம் இதற்கு வரிவிலக்கு தந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளின் மதிப்பீட்டுக்கும் தொடக்கநிலைப் பயிற்சிக்குமான வரிவிலக்கு, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 4,000 ரிங்கிட்டிலிருந்து 6,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத குடும்பத்துக்கு வரிவிலக்கினால் ஒரு சல்லிக்காசும் பயனில்லை. நகரத்தில் தனியார் நிலையத்துக்குச் செல்லக்கூடியவரின் சுமை குறைகிறது. செல்ல முடியாதவர் அரசாங்க வரிசையிலேயே நிற்கிறார். வரிவிலக்குக்கு ஈடான ஓர் உதவித்தொகையோ பற்றுச்சீட்டோ வரி கட்டாத குடும்பங்களுக்கும் வழங்கப்பட வேண்டும் என்று நிதியமைச்சிடம் நம் பிரதிநிதிகள் யாராவது கேட்டால் நல்லது.

இந்தத் தாமதம் மருத்துவமனையோடு முடிவதில்லை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். மருத்துவரின் சான்று இல்லாமல் உடற்குறையுள்ளோருக்குச் சமூகநல இலாகா தரும் ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பிக்க இயலாது. அட்டையோ மருத்துவச் சான்றோ இல்லாமல் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் இடம் கேட்க இயலாது. அந்த வகுப்பில் சேர்ந்தால்தான் சிறப்புத் தேவை மாணவர்களுக்கான மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது. 2008ஆம் ஆண்டிலேயே உடற்குறையுள்ளோருக்கான சட்டமும் வந்துவிட்டது. சட்டத்திலும் கொள்கையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. அந்த இடத்துக்குச் செல்லும் எல்லா வாசல்களையும் ஒரே ஒரு தாளைக் கொண்டு பூட்டி வைத்திருக்கிறோம். அந்தத் தாள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். சான்றிதழுக்குக் காலம் ஆகலாம். பயிற்சிக்கு ஏன் சான்றிதழ் வேண்டும்? ஒரு குழந்தை பேசவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, வேண்டியதைச் சுட்டிக் காட்டத் தெரியவில்லை என்பது கிளினிக் தாதிக்கே தெரிந்துவிடுகிறது. அதற்கு எந்தப் பெயரை வைப்பது என்பதை நிபுணர் பிறகு முடிவு செய்யட்டும். பேசக் கற்றுக்கொடுக்க அந்தப் பெயர் தேவையில்லை. பின்னால் ஆட்டிசம் இல்லை என்றே தெரியவந்தாலும் அந்தப் பயிற்சியால் யாருக்கும் கெடுதல் வரப்போவதில்லை. வேறொரு காரியத்துக்காக மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் எங்கள் தேதி இன்னும் வரவில்லை என்று தெரிந்தும் கால்மணி நேரம் ஒதுக்கிச் சில வழிகளைச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர்க் குவளையைக் கண்ணில் படும்படி, ஆனால் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவன் உங்கள் கையைப் பிடித்து இழுத்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாமல், அவன் உயரத்துக்குக் குனிந்து, ஒரு கணம் பொறுத்து, அவன் உங்களைப் பார்த்ததும் 'தண்ணி' என்று ஒரே சொல்லைச் சொல்லிக் கொடுங்கள் என்றார். நீளமான வாக்கியம் வேண்டாம் என்றார். அவன் லோரிப் பொம்மையின் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருந்தால் பிடுங்க வேண்டாம், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சுழற்றுங்கள், பிறகு 'நில்', 'போ' என்று விளையாட்டாக மாற்றுங்கள் என்றார். என் மகன் இப்போது தண்ணீர் வேண்டும்போது என் முகத்தைப் பார்க்கிறான். சில நாள்களில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தும் வருகிறது. அந்தக் கால்மணி நேரம் சந்தேகம் எழுந்த அன்றே கிடைத்திருக்கலாம்.

இது என் சொந்தக் கற்பனை அன்று. வளர்ச்சியில் தாமதம் உள்ள 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்காக உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியிருக்கிறது. ஒன்பது குழுக் கூட்டங்களும் மூன்று இல்லச் சந்திப்புகளும் கொண்ட அத்திட்டத்தை, நிபுணர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று நடத்தலாம். மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களை மனத்தில் வைத்தே இது வடிவமைக்கப்பட்டது. தாதியர், பாலர் பள்ளி ஆசிரியைகள், தோட்டப் பிள்ளைக் காப்பகத்தின் ஆயாக்கள் ஆகியோரை இதற்குப் பழக்கினால் எங்களைப் போன்ற ஊர்களில் வேலை தொடங்கிவிடும். ஆயாக்களை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. விடியுமுன் வேலைக்குப் போகும் பெற்றோரைவிட, பத்துப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆயாவின் கண்ணில்தான் ஒரு பிள்ளை மற்றவர்களிடமிருந்து வேறுபடுவது முதலில் படுகிறது. அவர் சொல்லை யாரும் ஏட்டில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி எந்த மொழியில் என்பதும் யோசிக்க வேண்டியது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் குழந்தையிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டு, பதில் இல்லை என்று குறித்துக்கொண்டால், தெரியாதது மொழியா உரையாடலா என்று எப்படிப் பிரித்தறிவது? பெரும்பாலான பயிற்சியாளர்கள் இதை உணர்ந்து தாயையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். எனினும் தாய் கேட்பதற்கும் பயிற்சி பெற்றவர் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. நம் சமூகத்துப் பிள்ளைகளின் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு உதவிவந்திருக்கும் மித்ரா என்ற அரசாங்க அமைப்பு, தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர்களை மாதத்துக்கு ஒருமுறையாவது தோட்டப்புறங்களுக்கு அனுப்ப நிதி ஒதுக்குமானால், அந்தப் பணம் வீண்போகாது என்று துணிந்து சொல்வேன். மருத்துவம் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளை வற்புறுத்தும் நம் பெற்றோர், பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் படிப்புகள்தாம் என்பதை நினைவில் கொள்வதும் நல்லது.

உறவினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், இவன் அப்பாவும் அப்படித்தான் என்று சொல்லாத வீடு இல்லை. கோயிலில் வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். நானும் வேண்டிக்கொண்டேன், இனியும் வேண்டுவேன். கைப்பேசியைக் கொடுத்ததால் வந்தது என்றோ, தாய் வேலைக்குப் போனதால் வந்தது என்றோ சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு இது. பழிச்சொல்லுக்கு அஞ்சியே பிள்ளையைக் கிளினிக் பக்கம் கொண்டுபோகாத தாய்மார்களை நான் அறிவேன். அவர்களுடைய பிள்ளைகள் எந்த வரிசையிலும் இல்லை.

சுகாதார அமைச்சின் அதிகாரிகள் எவரேனும் இதைப் படித்தால், மூன்று காரியங்களை மட்டும் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் எழும் அன்றே எல்லாப் பிரிவுகளிலும் பெயரைப் பதிந்து, தேதிகளை எழுத்தில் கொடுங்கள். மாறினால் முன்னதாக அழைத்துச் சொல்லுங்கள். வேறு சில நோய்களுக்கு நிபுணர்கள் சிறிய மருத்துவமனைகளுக்கு நாள் குறித்து வந்துபோவதைப் போல, வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் ஒரு நாள் வாருங்கள். இருபது குடும்பங்கள் நகரத்துக்குப் போவதைவிட ஒரு குழு இங்கே வருவது எளிது. அதுவரை பெற்றோருக்கான பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். இடம் ஒரு தடையாக இருக்காது. எங்கள் தோட்டத்து மண்டபம் வார நாள்களில் பூட்டியே கிடக்கிறது. ஆலயச் செயலாளரிடம் பேசிவிட்டேன், கேட்கும் நாளில் திறந்துவிடத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்,
தென் பேராக்.