குதிக்கால் நோவைப் பொறுத்துக்கொண்டு நில்லாதே, பிள்ளை

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் "சரி அம்மா, பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் இருந்து எழுதுகிறேன். வாசித்துவிட்டு மருமகனுக்கும் காட்டு.

உன் குதிக்கால் நோ ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது. விடிய எழும்பிக் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது, நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் விடுகிறது, வேலை முடிந்து பஸ்ஸில் இருந்துவிட்டு எழும்பினால் திரும்பப் பிடிக்கிறது என்று நீ சொன்னாய். எனக்கு இருந்ததும் அச்சொட்டாக இதே நோதான். குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்தின் கீழே ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. அது எலும்போடு ஒட்டுகிற இடத்தில் பழுதுபட்டு, ஆறாமல் கிடக்கிறது. முதியோர் இல்லத்தின் கடுந்தரையில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று, ஆட்களைத் தூக்கி இருத்தி, கழுவித் துடைக்கிற உனக்கு அது வந்ததில் புதினம் இல்லை.

உன்னைப் பார்த்த இயன்மருத்துவர், அந்தப் பிசியோ, ஷொக்வேவ் என்கிற அதிர்வலைச் சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியும் நீ பிறகு பார்ப்போம் என்று வந்துவிட்டாய். ஏனென்று கேட்டதற்கு, "இதெல்லாம் ஒரு நோவா அம்மா" என்றாய். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பழகிப்போய்விட்டோம். 2009இல் இந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனம் நாங்கள். பக்கத்தில் ஒருவர் கால் போய்க் கிடக்கும்போது என் கால் உளைகிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோதும் அப்படித்தான். நீ அப்போது சின்னப் பிள்ளை. கெண்டைக்காலில் வெடித்த செல்லின் இரும்புத் துண்டு ஏறியபோதுகூட, "தம்பியைப் பாருங்கோ அம்மா" என்றுதான் சொன்னாய். அந்தப் பழக்கம் இன்னும் இங்கே எவரையும் விட்டுப் போகவில்லை. கிளினிக்கில் போய் இருந்து பார்த்தால் தெரியும். நாரி நோ, தோள்மூட்டு நோ, குதிக்கால் நோ என்று வருகிறவர்களில் பாதிப் பேர் வருஷக்கணக்கில் பொறுத்துப் பார்த்துவிட்டு, நடக்க ஏலாத கட்டத்தில்தான் நம்பர் எடுக்கிறார்கள். பொறுத்ததற்காக அந்தச் சவ்வு ஆறிவிடுவதில்லை, பிள்ளை. நோகாத பக்கமாகக் காலைச் சரித்துச் சரித்து நடந்து, முழங்காலும் நாரியும் சேர்ந்து கெடுகின்றன. உனக்கு இப்போது முப்பத்தொரு வயது. இன்னும் எவ்வளவு காலம் அந்தக் காலில் நிற்க வேண்டும்.

அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஊர் வைத்தியம்தான். செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, மேலே எருக்கிலை போட்டு, குதியை வைத்து வைத்து எடுப்பேன். சூடு பட இதமாக இருக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடிந்தால் நோ அதே இடத்தில் நிற்கும். பிறகு ஆஸ்பத்திரியில் பிசியோ காட்டித் தந்த பயிற்சிகள். அதில் பாதி குறைந்தது. மீதி அசையவில்லை என்றபோதுதான் ஷொக்வேவ் செய்ய யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இடத்துக்கு எழுதித் தந்தார்கள்.

மின்சாரம் பாய்ச்சுவார்களோ என்று நீ பயந்ததாக மருமகன் சொன்னார். உடம்புக்குள் கரண்ட் ஒன்றும் போகாது. என்னைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே நிற்கும்படி விட்டார்கள். அங்கே இருந்த பிசியோப் பிள்ளை பெருவிரலால் அமத்தி அமத்திப் பார்த்து, நான் துள்ளின இடத்தில் பேனையால் சின்ன வட்டம் போட்டாள். குளிர்ந்த ஜெல்லைப் பூசினாள். கையில் பிடிக்கிற கருவிக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டு இருக்கிறது. அமுக்கிய காற்று அதைத் தள்ள, அது போய் முனையில் இடிக்கும். அந்த இடிதான் அதிர்வாகக் குதிக்குள் இறங்குகிறது. டக டக டக என்று வினாடிக்குப் பத்துத் தரமளவில் அடிக்கும். ஒரு தரத்துக்கு 2000 அடி என்பது வழக்கமான கணக்கு. 2000 என்றதும் நானும் பயந்தேன், ஆனால் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

நோகும். நோகாது என்று யாரும் சொன்னால் நம்பாதே. முதல் இருநூறு அடி பல்லைக் கடிக்க வைத்தது. ஆனால் அந்தப் பிள்ளை குறைந்த அமுக்கத்தில் தொடங்கி, "பத்துக்கு எத்தனை நோகுது அம்மா" என்று கேட்டுக் கேட்டுத்தான் கூட்டினாள். கொஞ்ச நேரத்தில் இடம் மரத்துவிட்டது. இங்கே உன்னிடம் ஒன்று கேட்கிறேன்: கேட்கும்போது மூன்று என்று பொய் சொல்லாதே. ஏழு என்றால் ஏழு என்று சொல். நீ சொல்வதை வைத்துத்தான் அவர்கள் இடத்தையும் அமுக்கத்தையும் சரிப்படுத்துகிறார்கள். விறைப்பூசி போட்டுச் செய்யச் சொல்லியும் கேட்காதே. விறைக்க வைத்துச் செய்தால் பலன் குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.

இடித்தால் எப்படி ஆறும் என்று நான் அவளிடமே கேட்டேன். நாள்பட்ட நோவில் உடம்பு அந்த இடத்தைப் பாதியில் கைவிட்டுவிடுகிறதாம். இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், தூர்ந்த வாய்க்காலைக் கொத்திவிடாமல் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது அல்லவா, அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன். அதிர்வு பட்டதும் அங்குள்ள கலங்கள் உசும்பி, புது இரத்தக் குழாய்களை வளர்க்கிற பொருட்களைச் சுரக்கின்றன, நோவைக் கடத்துகிற நரம்பு நுனிகளும் அடங்குகின்றன என்றுதான் ஆராய்ந்தவர்கள் விளக்குகிறார்கள். புதிதாக வளர வேண்டியது வளரக் காலம் வேண்டும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு தரம் என்று மூன்று தரம், சிலருக்கு ஐந்து தரம் செய்துவிட்டு, முழுப் பலனைப் பார்க்கப் பன்னிரண்டு வாரமளவில் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். இரண்டாம் தரத்துக்குப் பிறகும் ஒன்றும் தெரியவில்லை என்று இடையில் விட்டுவிடாதே.

இது நேற்று வந்த வைத்தியமும் இல்லை. மாமாவுக்குச் சிறுநீரகக் கல்லை வெட்டாமல் உடைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த முறையிலிருந்து பிறந்ததுதான் இது. 1980 பெப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில்தான் முதன்முதலாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைத்தார்கள். பிறகு எலும்பு பொருந்தாத முறிவுகளுக்கும், அப்புறம் தசைநார் நோவுகளுக்கும் வந்தது. 2000இல் அமெரிக்க அரசு குதிக்கால் நோவுக்கென்று ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. எக்ஸ்ரேயில் குதி எலும்பில் முள் தெரிகிறது என்று சொன்னாலும் பயப்படாதே. நோவே இல்லாத ஆட்களுக்கும் அந்த முள் இருக்கும். ஷொக்வேவ் அதை உடைக்கப் போவதும் இல்லை.

ஆனால் எல்லா நோவுக்கும் இதுதான் மருந்து என்று விளம்பரம் போடுகிற இடங்களுக்குப் போகாதே. குதிக்கால், குதிக்குப் பின்னால் மேலே ஏறுகிற குதிநார், முழங்கையின் வெளிப்பக்கம், முழங்காற் சிரட்டைக்குக் கீழே, சுண்ணாம்பு படிந்த தோள்மூட்டு என்று சில இடங்களுக்குத்தான் இது பேசப்படுகிறது. அங்கேயும் எல்லாருக்கும் கேட்பதில்லை. எங்கள் முன்வீட்டு அக்காவை உனக்குத் தெரியும். ஒரு கால் ஜெய்ப்பூர் கால். முழுப் பாரமும் மற்றக் காலில் விழுந்து, அந்தக் குதி நொந்தது. நான் சொல்லித்தான் அவவும் போனா. கொஞ்சம் குறைந்தது, பிறகு திரும்பிவிட்டது. அங்கிருந்த பிசியோ அவவின் நடையைப் பார்த்துவிட்டு, செயற்கைக் காலின் குழி தளர்ந்துபோய்க் கிடக்கிறது, முதலில் அதை மாற்றுங்கோ என்று சொன்னார். அதை மாற்றிப் பொருத்தின பிறகுதான் மற்றக் காலுக்கு மூச்சு வந்தது. உனக்கும் நிற்கிற தரையும் போடுகிற சப்பாத்தும் அப்படியே இருந்தால் ஷொக்வேவ் மட்டும் காப்பாற்றாது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதே. தேய்ந்த பாட்டா செருப்பையும் எறி.

பயிற்சியை ஒரு நாளும் விடாதே. கட்டிலால் இறங்க முன்னரே, நோகிற காலை மற்றத் தொடையில் தூக்கி வைத்து, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழு. பாதத்தின் அடியில் சவ்வு நாண் ஏறி நிற்பது மற்றக் கைக்குத் தெரிய வேண்டும். பத்து வினாடி பிடி, பத்துத் தரம் செய். அப்புறம் படிக்கட்டில் விரல்களுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, குதியை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கு. அது ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அவசரப்பட்டுத் துள்ளாதே.

பிசியோவிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. கெண்டைக்காலில் கிடக்கிற துண்டைச் சொல். அங்குள்ளவர்களுக்கு இப்படி ஒன்றைக் கேட்கவே தோன்றாது. தழும்பைக் காட்டி, இன்னும் உள்ளே இருக்கிறது என்று சொல்லி, வேண்டுமென்றால் எக்ஸ்ரே எடுக்கட்டும். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாலும் உள்ளே போக முன்னர் இதைச் சொல்லிவிடு. அந்தக் காந்தத்துக்கு உள்ளே கிடக்கிற இரும்பு ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் எடுத்தால் அதையும் சொல். அடுத்தது, வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தால் ஷொக்வேவ் செய்யக் கூடாது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாலும் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்குச் சொல்.

செய்த பிறகு இடம் சிவக்கும், சில வேளை கண்டிப்போகும், ஒன்றிரண்டு நாள் உளையும். அதற்கு வீக்கத்தை அடக்குகிற மாத்திரை போடாதே, ஆறுவதற்கு அந்தக் கிளர்ச்சி வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். தாங்க ஏலாவிட்டால் பனடோல் போடு. இரண்டு நாளாவது பாரமான வேலை வேண்டாம். யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டால் உடனே சுகம் என்று சொன்னால், நன்றாக யோசி. உடனே சுகம் வருவது உண்மைதான், ஆனால் பலருக்குச் சில மாதத்தில் நோ திரும்புகிறது. திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகிற ஆபத்தும் இருக்கிறது.

காசைப் பற்றி. நீ பிறகு பார்ப்போம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். முதலில் உன் வேலையிடத்துக் காப்புறுதி பிசியோவுக்குக் கொடுக்குமா என்று கேட்டுப் பார். கொடுக்காவிட்டால், எனக்கு அனுப்புகிறதை நிறுத்திவிட்டு அதில் செய். காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கிறது. கிணற்று மோட்டர் ஓடுகிறது, கூரையும் ஒழுகவில்லை. தம்பியின் படிப்புக்கும் இப்போதைக்கு ஒன்றும் தேவை இல்லை, அவனே சொல்லச் சொன்னான். நீ நொந்து நொந்து நின்று உழைத்த காசில் இங்கே நான் சோறு தின்ன எனக்கு மனம் வராது.

நாளைக் குறித்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. அன்றைக்கும் அடுத்த நாளும் ஷிப்ட் எடுக்காமல் இப்போதே கேட்டு வை. உனக்குச் செய்யப்போவது நான் சொன்ன காற்றுக் குண்டு வகையா, ஒரே புள்ளியில் குவிந்து ஆழமாகப் போகிற மற்ற வகையா என்று பிசியோவிடம் கேட்டு அதையும் எழுது, யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா