ஒரு வரிதான் கேட்கிறேன்

துணைப்பாட நிலையத்தில் ஆங்கிலச் சொல்வளத் தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எந்தத் தாள், எந்தச் சொல் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், ஒரு முறை தொலைபேசியிலும் பேசினேன். 'பரையா' (pariah) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேருங்கள். அன்றும் கேட்டது அதுதான், இன்றும் அதுதான்.

மற்றபடி அருமையான தாள். கெச்சப்புக்காக ஹொக்கியன் சீனர்களின் மீன் சாறு வரை போயிருக்கிறீர்கள். வெறிபிடித்து ஓடுவதைக் குறிக்கும் 'அமோக்' மலாயிலிருந்து வந்ததைச் சொல்கிறீர்கள். நம் கட்டுமரம் கேட்டமரான் ஆகி, இரட்டை உடல் படகாக மாறிய கதைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. 'பரையா'வுக்கு மட்டும் கதை இல்லை. 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள், கீழே ஒரு மாதிரி வாக்கியம், அவ்வளவுதான்.

அந்த வாக்கியத்தை என் மகன் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தான். தொடக்கநிலை ஆறு படிக்கிறான். கட்டுரையில் போட ஒரு புதுச் சொல் கிடைத்த பெருமை அவனுக்கு. சோறு பிசைந்துகொண்டிருந்த என் அப்பாவின் கை நின்றுவிட்டது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அவரை 'பாரியா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன சாதி என்று விசாரித்துவிட்டா கூப்பிட்டார்கள்? தமிழன் என்றாலே வீசிய சொல் அது. 78 வயதில் அதைப் பேரன் வாயால் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார். மகன் என்னைப் பார்த்து, "தப்பா உச்சரிச்சிட்டேனாம்மா?" என்றான்.

"அகராதியில் இருக்கிறதே, சொற்களின் பொருள் மாறும்தானே" என்றீர்கள். சரி, மாறும். 'நைஸ்' ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் முட்டாளைக் குறித்தது; தமிழுக்கு வந்து, நைசாக நழுவுகிறவரைக் குறிக்கிறது. (உங்கள் பதில் எந்த நைஸ் என்று நான் சொல்லப் போவதில்லை.) பறை அடித்தவர்களின் பெயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது, 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஒதுக்கிய எவருக்கும் அது பெயராயிற்று. ஆனால் நைஸ் என்று ஒரு சனம் இருந்ததில்லை. பறையர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

நம் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருக்கும் சூலியா ஸ்ட்ரீட் முன்பு கிளிங் ஸ்ட்ரீட். இந்தியரைக் குறித்த 'கிளிங்' என்ற அந்தச் சொல் இழிவாகிவிட்டது என்று இந்தியர்கள் முறையிட்டு, ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் மாறியது. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு தெருவுக்கே பெயர் மாற்ற முடிந்திருக்கிறது. உங்களால் ஒரு தாளில் ஒரு வரி சேர்க்க முடியவில்லை. ஆனால் தீபாவளி வந்தால் வரவேற்பறையில் காகிதக் கோலம் ஒட்டி, முறுக்கு டப்பாவோடு படம் எடுத்துப் போட மறப்பதில்லை. பல இன நல்லிணக்கம் அத்தோடு முடிந்தது போலும்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். சொல்லை நீக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளட்டும், ஆனால் முழுதாகத் தெரிந்துகொள்ளட்டும். அடுத்த தவணைக்கான தாள் அச்சுக்குப் போகுமுன் அந்த வரியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். எழுத நேரமில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன் ஒருவனின் தாய்